உடல் கடிகாரத்தைத் தாளில் வரைந்து பார்ப்போம்

ஒரு தாள், பென்சில், ரப்பர் போதும். எலி முதல் மனிதர் வரை பாலூட்டிகளின் செல்களுக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரத்தை வரையப் போகிறோம். பேனா வேண்டாம், கடைசியில் அழிக்க வேண்டியிருக்கும்.

படி 1. பெரிய வட்டம் செல், உள்ளே சின்ன வட்டம் உட்கரு. உட்கருவுக்குள் க்ளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்களை ஒட்டினாற்போல வரையுங்கள். இவை ஜோடியாகத்தான் வேலை செய்யும்.

படி 2. ஜோடிக்குக் கீழே ஒரு கோடு, அதுதான் டிஎன்ஏ. அதில் இ-பாக்ஸ் என்ற இடத்தைக் குறியுங்கள். ஜோடி அங்கே போய் உட்கார்ந்ததும் பெர், க்ரை மரபணுக்கள் முடுக்கிவிடப்படும். அவற்றின் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்வதற்கான நகல், உட்கருவை விட்டு வெளியேறுவதாக அம்புக்குறி போடுங்கள்.

படி 3. வெளியே பெர், க்ரை புரதங்கள் உருவாகின்றன. பாடப் படங்கள் பல இங்கே ஒரு அம்புக்குறியோடு தாண்டிவிடுகின்றன. ஆனால் கடிகாரத்தின் உயிரே இந்த இடம்தான். புரதம் உருவான கையோடு உட்கருவுக்குத் திரும்பினால் சுற்று சீக்கிரமே அடங்கிவிடும், ஒரு நாள் அளவுக்கு நீளாது. சிகே1 என்ற நொதி பெர் மீது பாஸ்பேட்டை ஒட்டுகிறது. எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து பெர் சிதையும், அல்லது தாக்குப்பிடிக்கும். அதனால் போதிய அளவு சேரப் பல மணி நேரம் ஆகிறது. ஓரத்தில் ‘தாமதம்’ என்று பெரிதாக எழுதுங்கள்.

படி 4. சேர்ந்த பெர், க்ரை உட்கருவுக்குள் நுழைந்து க்ளாக்–பிமால்1 ஜோடியைத் தடுக்கின்றன. இரண்டிலிருந்தும் ஜோடிக்குத் தடுப்புக்கோடு போடுங்கள். தம்மை உருவாக்கிய வேலையைத் தாமே நிறுத்துகின்றன. பிறகு அவை சிதைந்ததும் ஜோடி விடுபடும், அடுத்த சுற்று தொடங்கும்.

படி 5. பக்கத்தில் ஒரு சின்னச் சுற்று: ரெவ்-எர்ப் புரதம் பிமால்1 மரபணுவை அடக்கும், ரோர் புரதம் தூண்டும். இப்போதைக்கு இது போதும்.

படி 6. சரி, ரப்பரை எடுங்கள். பிமால்1-ஐ அழித்தால் அந்த ஜோடியே இல்லை. இந்த மரபணு இல்லாத எலிகளைத் தொடர் இருட்டில் வைத்தபோது, சக்கரத்தில் ஓடுவதில் நேர ஒழுங்கு உடனே போய்விட்டது. இருட்டு எதற்கு என்றால், வெளிச்சம் வந்து போனால் எலி அதைப் பார்த்தே நடந்துகொள்ளும். உள்ளே கடிகாரம் ஓடுகிறதா என்பது தெரியாது.

அப்புறம் சிகே1. இதை அழிக்காமல், பெர் சீக்கிரம் சிதையும்படி மாற்றுங்கள். தடுப்பு முன்னதாகவே விலகும், நாள் குறுகும். 1988-இல் விவரிக்கப்பட்ட, டௌ என்ற மரபணு மாற்றம் கொண்ட ஹாம்ஸ்டரில் (எலி போன்ற ஒரு சிறு விலங்கு) நடந்தது இதுதான். மாறிய மரபணுவின் இரண்டு பிரதிகளும் இருந்தால் அதன் நாள் சுமார் 20 மணி நேரம். மனிதரிலும் உண்டு: பெர் வகைகளில் ஒன்றான பெர்2-இல் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய குடும்பத்தைப் பற்றி 2001-இல் ஆய்வு வெளிவந்தது. அவர்களுக்கு மாலை ஏழரை வாக்கில் தூக்கம் வந்துவிடும், விடியுமுன் விழிப்பும் வந்துவிடும்.

கடைசியாக, க்ரையை க்ரை1, க்ரை2 என்று பிரித்து வரையுங்கள். க்ரை1 இல்லாத எலிக்கு நாள் குறுகுகிறது, க்ரை2 இல்லாததற்கு நீள்கிறது, இரண்டுமே இல்லாவிட்டால் இருட்டில் ஒழுங்கே கிடையாது. இரண்டில் வலுவான தடுப்பு க்ரை1. அதன் தடுப்புக்கோட்டை மட்டும் தடிமனாகப் போடுங்கள்.