பனிச்சரிவு மீட்புக் கருவிகளை முதுகுப்பையில் பொருத்துதல்

பனிச்சரிவில் புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. ஆகவே மண்வாரியும், பனிக்குள் குத்திப் புதைந்தவரைக் கண்டறியும் தேடுகோலும் கையுறை அணிந்த கைக்கும் உடனே கிடைக்குமாறு, பனிச்சறுக்கு முதுகுப்பையின் வெளிப்புற அறையில் தனியாக இருக்க வேண்டும்.

மண்வாரியின் கைப்பிடி அறையை விட நீளமாக இருந்தால் அதை அறுக்கக் கூடாது; வெட்டினால் பூட்டும் துளைகள் இடம் மாறி, இறுகிய பனியைத் தோண்டும்போது அது கழன்றுவிடக்கூடும். மாறாக, அலகையும் கைப்பிடியையும் பிரித்து, கைப்பிடியை மூலைவிட்டமாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள். அதுவும் பொருந்தாவிடில், பிரித்தால் குறுகும் வேறு மண்வாரியை வாங்குவதே சரி. தேடுகோலுக்கு இடமில்லையென 240 செ.மீ.க்கும் குட்டையான கோலுக்கு மாறுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

கருவிகள் உள்ளே ஆடினால், நைலான் பட்டையால் ஒரு குறுகிய உறை தைக்கலாம். ஆனால் தையல் உள் துணியோடு நிற்க வேண்டும், தோள்பட்டை வார்களைத் தொடக் கூடாது. ஏர்பேக் (பனிச்சரிவில் ஊதி விரியும் காற்றுப்பை) உள்ள பையில் ஊசியே படக் கூடாது.

புதைந்தவரைக் கண்டறிய வானொலிச் சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸ்சீவரைப் பையில் வைக்காதீர்கள். பை உடலை விட்டுப் பிய்ந்து போகலாம் என்பதால், அதற்குரிய வாரில், உடலோடு ஒட்டியே அணிய வேண்டும். கைப்பேசி அதிலிருந்து குறைந்தது 20 செ.மீ. விலகியிருக்கட்டும்.

பொருத்தி முடித்ததும், பையை முழுமையாக நிரப்பி, கையுறையோடு கருவிகளை எடுத்துப் பூட்டிப் பாருங்கள். எங்கேனும் சிக்கினால் அந்த இடத்தை மீண்டும் திருத்துங்கள்.