கிளியோ வில்லியம்ஸ் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1993-ஆம் ஆண்டு ரெனால்ட் நிறுவனம் வெளியிட்ட கிளியோ வில்லியம்ஸ், ஹாட் ஹேட்ச்பேக் எனப்படும் சிறிய, வேகமான கார்களை விரும்புவோர் இன்றும் தேடி அலையும் கார். நீல உடலும் பொன்னிற வீல்களும் கொண்ட இந்தக் காரை, ராலிப் பந்தயத்தில் கிளியோவை இறக்குவதற்கான அங்கீகாரத்தைப் பெறும் பொருட்டே ரெனால்ட் தயாரித்தது. அந்த அங்கீகாரத்துக்கு இத்தகைய 2,500 கார்களைத் தயாரித்தாலே போதுமானதாக இருந்தது. வாங்க வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால், எண்ணிட்ட தகட்டுடன் வந்த முதல் தொகுதியே ஏறத்தாழ 3,800 கார்களாக வளர்ந்தது. பின்னர் இரண்டாம் தொகுதியும் மூன்றாம் தொகுதியும் வந்து, மொத்த எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. அரிய காரை வாங்கிவிட்டோம் என்று நம்பியிருந்த முதல் தொகுதி உரிமையாளர்கள் பலர் இதனால் மனம் கசந்தார்கள்.

இந்த வரலாற்றிலிருந்தே இன்றைய குழப்பங்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன. வாங்குபவர் தமக்குள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது வில்லியம்ஸ்தானா என்பது முதற்கேள்வி. எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பது அடுத்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால், மூன்றாம் தொகுதியின் நல்ல கார் ஒன்றைப் போலி என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் தொகுதிக் காரை முதல் தொகுதியின் விலைக்கு வாங்கி ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணிட்ட தகட்டை மட்டும் நம்புதல்

முதல் தொகுதிக் கார்களின் டாஷ்போர்டில், வரிசை எண் பொறித்த உலோகத் தகடு ஒன்று இருக்கும். விற்பவர் முதலில் சுட்டிக்காட்டுவது அதைத்தான். வாங்க வந்தவர் மயங்குவதும் அங்கேதான். ஒரு தகட்டைக் கழற்றி வேறொரு காரில் பொருத்துவது கடினமான வேலை அன்று. டாஷ்போர்டையே முழுதாக மாற்றுவதும் நடக்கக்கூடியதே. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பி’ பிரிவில் கழித்துவிடும் விபத்துக் கார்களின் உடல் கூட்டை நசுக்கியே ஆக வேண்டும் என்பது விதி. ஆனால் அவற்றின் உதிரி பாகங்களைக் கழற்றி விற்கத் தடையில்லை. எனவே ஒரு தகடு அசலாக இருந்துகொண்டே, அது முதலில் பொருத்தப்பட்டிருந்த கார் உலகத்திலிருந்து மறைந்துபோயிருக்க வாய்ப்புண்டு.

தகட்டு எண்ணும், காரின் உடல் கூட்டில் பொறித்த அடையாள எண்ணான சேசிஸ் எண்ணும் வெவ்வேறானவை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இந்தத் தகடு இந்தக் கூட்டுக்கே உரியது என்பதை நிறுவ, இரண்டையும் இணைத்துக் காட்டும் பழைய சான்று ஏதேனும் தேவை. முதல் விற்பனை ரசீது, சர்வீஸ் கையேடு, முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த புகைப்படம், ஆர்வலர் சங்கத்தின் பதிவேட்டுக் குறிப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் பேச்சுக்கு அடித்தளம் கிடைக்கும். எதுவுமே இல்லையென்றால், தகட்டை ஓர் அலங்காரப் பொருளாக மட்டுமே கருதுவது நல்லது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இரண்டாம், மூன்றாம் தொகுதிக் கார்கள் ஆலையிலிருந்து தகடு இல்லாமலே வெளிவந்தன. ஆகவே தகடு இல்லாதது போலித்தனத்துக்கு அடையாளம் ஆகாது. இன்னும் சொல்லப்போனால், மூன்றாம் தொகுதிக் காரில் தகடு இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். முதல் இரண்டு தொகுதிகளும் 449 என்ற குறியீடுடைய ஸ்போர்ட்ஸ் நீலத்தில் வந்தன. மூன்றாம் தொகுதிக்கு 432 என்ற குறியீடுடைய, சற்றே பளிச்சென்ற மொனாக்கோ நீலம் பூசப்பட்டது. மொனாக்கோ நீலக் காரின் டாஷ்போர்டில் வரிசை எண் மின்னினால், அது எப்படி அங்கே வந்தது என்று விற்பவர் விளக்கியாக வேண்டும்.

நீலமும் பொன்னிறமும் கண்டு முடிவெடுத்தல்

வில்லியம்ஸின் போலிகள் பெரும்பாலும் அதன் நெருங்கிய உறவான, கிளியோவின் சாதாரண 16 வால்வு மாடலிலிருந்து உருவாக்கப்படுகின்றன. இதற்குக் காரணம் எளியது. அகலமான முன் மட்கார்டுகளும் பானெட்டின் மேலுள்ள காற்றுத் திறப்பும் அந்த மாடலிலேயே இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் செய்ய வேண்டிய மாற்றம் மிகக் குறைவு. நீலப் பெயிண்ட், பொன்னிற வீல்கள், வில்லியம்ஸ் எழுத்துகள் ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால், சில அடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

ஆகவே கண்ணை வெளிப்புறத்திலிருந்து மறைவிடங்களுக்குத் திருப்ப வேண்டும். நிறம் மாற்றப்பட்ட காரில் கதவு விளிம்புகள் அழகாக இருக்கும். ஆனால் கார்பெட்டின் அடி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலைகள், டாஷ்போர்டின் பின்புறம், கதவு அட்டைகளுக்குள் மறைந்திருக்கும் தகரம் ஆகிய இடங்களில் பழைய நிறம் எங்கேனும் எட்டிப்பார்க்கும். என்ஜினைக் கழற்றாமல் பூசிய காரில், என்ஜின் அறையின் பின்சுவர் பெரும்பாலும் பழைய நிறத்திலேயே நிற்கும். காரில் உள்ள ஆலைத் தகட்டிலிருக்கும் பெயிண்ட் குறியீட்டைப் படித்து, அதையும் இந்த மறைவிடங்களையும் ஒப்பிட வேண்டும். நிறம் பொருந்துவது மட்டுமே வில்லியம்ஸ் என்பதை மெய்ப்பிக்காது என்றாலும், பொருந்தாமை வலுவான மறுப்பாகும்.

வீல்களைப் பொறுத்தவரை, அசல் வீல்கள் ஸ்பீட்லைன் நிறுவனம் வார்த்தவை. 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் உடையவை. தயாரிப்பாளரின் பெயரும் அளவும் வீலின் உட்புறத்தில் வார்க்கப்பட்டிருக்கும். வீலைக் கழற்றிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். அதற்கு விற்பவர் மறுத்தால், பார்க்க வந்த பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆயினும் வீல்கள் எளிதில் கைமாறும் பொருள்கள் என்பதால், அவை அசலாக இருப்பதற்கும் கார் அசலாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நீல முகப்புள்ள மீட்டர்கள், நீல சீட் பெல்ட்டுகள், வில்லியம்ஸைக் குறிக்கும் தையல் கொண்ட இருக்கைகள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். இவற்றை முழுமையாகச் சேகரித்து வைத்திருக்கும் போலி ஒன்று, முப்பது ஆண்டுத் தேய்மானத்தில் சிலவற்றை இழந்துவிட்ட அசலைவிட அழகாகத் தோன்றும்.

என்ஜினை உறுதிச் சான்றாகக் கொள்ளுதல்

அனுபவமுள்ளவர்களே தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். சாதாரண 16 வால்வு கிளியோவில் இருந்தது எஃப்7பி எனப்படும் 1,764 சிசி என்ஜின். வில்லியம்ஸில் எஃப்7ஆர் எனப்படும் 1,998 சிசி என்ஜின் பொருத்தப்பட்டது. அதன் திறன் 150 குதிரைத்திறன். கியர்பாக்ஸும் மாறியது: 16 வால்வு மாடலின் ஜேபி3-க்குப் பதிலாக, கூடுதல் முறுக்கு விசையைத் தாங்கும் ஜேசி5 வந்தது. முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது. புகைபோக்கியின் தொடக்கத்தில் குழாய்களை இணைத்துச் செய்த மேனிஃபோல்டு இடம்பெற்றது.

இவ்வளவும் தெரிந்தவர், பானெட்டைத் திறந்து எஃப்7ஆர் என்ற எழுத்தைப் பார்த்தவுடன் நிம்மதி அடைவது இயல்பு. சிக்கல் என்னவென்றால், அதே எஃப்7ஆர் குடும்பத்து என்ஜின் பின்னர் ரெனால்ட்டின் மற்றொரு காரான மெகான் கூப்பேயின் 2.0 லிட்டர் 16 வால்வு மாடலிலும் வந்தது. அந்த என்ஜினைக் கழற்றிக் கிளியோ 16 வால்வில் பொருத்துவது, வேகம் வேண்டுவோர் நீண்ட காலமாகச் செய்துவரும் மாற்றம். ஆகவே என்ஜின் வகையின் பெயரோடு நின்றுவிடாமல், அதனைத் தொடர்ந்து வரும் எண்ணையும் படிக்க வேண்டும். வில்லியம்ஸுக்கு உரியது எஃப்7ஆர் 700. மெகானுக்கு உரியது எஃப்7ஆர் 710. என்ஜின் பிளாக்கில் இருக்கும் அடையாளம் எண்ணெயாலும் அழுக்காலும் மூடிக் கிடக்கும் என்பதால், ஒரு துணியும் டார்ச் விளக்கும் கொண்டு செல்வது நல்லது.

இங்கே அவசர முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. அசல் வில்லியம்ஸ் ஒன்றின் என்ஜின் கெட்டுப்போய், உரிமையாளர் கிடைத்த மெகான் என்ஜினைப் போட்டிருக்கலாம். அதனால் அந்தக் கார் போலியாகிவிடாது. அசல் என்ஜின் இல்லாத அசல் கார் என்றே அதைச் சொல்ல வேண்டும், விலையும் அதற்கேற்பவே அமைய வேண்டும். மாறாக, விபத்தில் அழிந்த வில்லியம்ஸிலிருந்து எடுத்த 700 என்ஜினும் ஜேசி5 கியர்பாக்ஸும் ஒரு சாதாரண 16 வால்வுக் கூட்டில் குடியேறியிருந்தால், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் வில்லியம்ஸ் ஆகாது. காரின் அடையாளம் அதன் உடல் கூட்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மற்றவை எல்லாம் அதற்குத் துணைச் சான்றுகள் மட்டுமே.

சேசிஸ் எண்ணை மேலோட்டமாகப் பார்த்தல்

கூட்டே அடையாளம் என்றால், கூட்டில் பொறித்த சேசிஸ் எண்ணைக் கவனமாகப் படிப்பது கட்டாயம் ஆகிறது. பலர் எண் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எண் பொறித்திருக்கும் தகரத் துண்டை அதன் சுற்றுப்புறத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் வெல்டிங் தடயம், புதிதாகப் பூசிய பெயிண்ட், வழக்கத்துக்கு மாறான தடிப்பு, ஒரே வரியில் ஆழம் வேறுபடும் எழுத்துகள், தகடுகளில் புதிய ரிவெட்டுகள் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், எண்ணை ஒரு காரிலிருந்து வெட்டி எடுத்து வேறொன்றில் ஒட்டவைத்திருக்கிறார்கள் என்ற ஐயம் எழ வேண்டும். துருப்பிடித்த அசல் கூட்டைக் கைவிட்டு, நல்ல நிலையிலுள்ள சாதாரணக் கூட்டுக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, எண்ணை மட்டும் எடுத்துச் செல்லும் வழக்கம் இத்தகைய பழைய கார்களில் நடப்பதுண்டு. ரெனால்ட் அந்தக் காலத்தில் பொருத்திய முட்டை வடிவத் தகட்டில் மாடல் வகை, உபகரண நிலை, பெயிண்ட் குறியீடு முதலியவை குறிக்கப்பட்டிருக்கும். சேசிஸ் எண் சொல்லும் கதையும் இந்தத் தகடு சொல்லும் கதையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆவணத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்றல்

பதிவுச் சான்றில் ‘வில்லியம்ஸ்’ என்று அச்சாகியிருப்பது நல்ல செய்திதான். ஆனால் அது பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட திருத்தமா என்பதை அறிய, காரின் பழைய சான்றுகளைக் கேட்க வேண்டும். பிரிட்டனில் ஓடிய காராக இருந்தால், 2005 முதல் நடந்த ஆண்டுத் தகுதிச் சோதனைகளின் விவரத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஓடிய தொலைவும் பழுதுக் குறிப்புகளும் அதில் வரிசையாக இருப்பதால், இடையில் சில ஆண்டுகள் கார் காணாமற்போயிருந்தால் அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்க வழி பிறக்கும். காப்பீட்டாளர் கழித்துவிட்ட காரா என்பதையும் அதே நேரத்தில் விசாரித்துவிட வேண்டும்.

விற்பவரின் கதைகளும் ஒருவகை ஆவணமே. இந்தக் காரை வில்லியம்ஸ் ஃபார்முலா 1 அணி வடிவமைத்தது என்று சொல்வோர் உண்டு. அந்த அணிக்கு ரெனால்ட் என்ஜின் வழங்கியதும், 1992-இல் நைஜல் மான்செல் அதைக் கொண்டு உலகப் பட்டம் வென்றதும் உண்மை; ஆனால் காரை உருவாக்கியது ரெனால்ட் ஸ்போர்ட் பிரிவு, அணியின் பெயர் மட்டுமே காருக்கு வந்தது. முதல் தொகுதிதான் வேகமானது என்ற பேச்சுக்கும் அடிப்படை இல்லை. மூன்று தொகுதிகளிலும் இருப்பது அதே என்ஜின்தான். இவற்றை உறுதியோடு சொல்லும் விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று கருத வேண்டியதில்லை, அவரும் கேட்டதைத் திருப்பிச் சொல்பவராக இருக்கலாம். ஆயினும் காரைப் பற்றி அவர் தரும் மற்ற தகவல்களையும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ள இது போதுமான காரணம்.

இத்தனை சோதனைகளுக்குப் பிறகும் சில கார்களில் ஒன்றிரண்டு விவரங்கள் பொருந்தாமல் நிற்கும். அப்போது பேரத்தை உடனே முறித்துக்கொள்ளத் தேவையில்லை. பொருந்தாதது எது என்பதை விற்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லலாம். “கிளியோ 16 வால்வு, வில்லியம்ஸ் என்ஜினும் கியர்பாக்ஸும் பொருத்தப்பட்டது” என்று நேர்மையாக எழுதித் தரும் காரை, அதற்கேற்ற விலைக்கு வாங்கி மகிழ்ச்சியாக ஓட்டலாம். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்கக் கூடாது.