செயின் ரெஸ்டாரண்டில் ஒயின் வாங்கி ஏமாறாமல் இருக்க

உட்கார்ந்ததும் ஒயின் பட்டியலைத் திறக்காதீர்கள், பார் கவுண்டரை ஒரு பார்வை பாருங்கள். திறந்த பாட்டில்கள் எங்கே நிற்கின்றன? ஃப்ரிட்ஜுக்குள் இருந்தால் பாதிக் கவலை விட்டது. காபி மெஷின் பக்கத்திலோ விளக்குக்கு நேர் கீழேயோ வரிசையாக நின்றால் கிளாஸ் ஒயின் பற்றி இரண்டு தடவை யோசிக்கலாம்.

இந்த மாதிரி இடங்களில் ஒயின் மோசமாக இருப்பதற்கு, வாங்கியதே மட்டமான சரக்கு என்பதைவிட, திறந்து நாளாகிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். தலைமை அலுவலகம் பெரிய கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கி எல்லாக் கிளைக்கும் ஒரே பட்டியலைக் கொடுக்கிறது. அந்த ஒயின்கள் பிரமாதமாக இருக்காது, ஆனால் கெட்டதாகவும் இருக்காது, லட்சக்கணக்கான பாட்டில்கள் ஒரே சுவையில் வரும்படி செய்தவை. மூடி திறந்து காற்று பட்ட பிறகுதான் வம்பு. சிவப்போ வெள்ளையோ, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். வெளியே வைத்தால் அதுவும் தாங்காது.

ஒரு முறை வாரத் தொடக்கத்தில், கூட்டமே இல்லாத ஒரு செயின் ரெஸ்டாரண்டில் சிவப்பு ஒயின் ஒரு கிளாஸ் கேட்டேன். வந்ததை முகர்ந்தால் வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசனை, பின்னாலேயே லேசாக வினிகர். பாட்டிலைக் காட்டச் சொன்னேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் மிச்சம், தொட்டால் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. அது எப்போது திறந்தது என்று சர்வருக்கும் தெரியவில்லை, மேனேஜருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: "இது எப்போது திறந்தது?" தயங்கினால், "புதுசா ஒன்று திறந்து ஊற்ற முடியுமா?" கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல இடங்களில் மறுபேச்சில்லாமல் திறந்து தருவார்கள்.

அடுத்து, ஓடுகிற சரக்கைக் கேளுங்கள். செயினில் ஒயின் நிபுணர் யாரும் இருக்க மாட்டார், சர்வரிடம் "எது நல்லா இருக்கும்?" என்று கேட்டால் எல்லாமே நல்லா இருக்கும் என்றுதான் பதில் வரும். "எது அதிகமா போகுது?" என்று கேளுங்கள். அது அவருக்கு நிச்சயம் தெரியும், தினமும் தீர்ந்து தினமும் திறக்கிற பாட்டில் அதுதான். பட்டியலில் யாரும் சீண்டாத அபூர்வ ஒயினைக் கிளாஸில் வாங்குவது சூதாட்டம். பெட்டி ஒயினை மட்டும் சேர்த்துத் திட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பை ஒயின் குறையக் குறையச் சுருங்குவதால் காற்று புகாது, திறந்து நான்கு வாரம் ஆனாலும் குடிக்கலாம். மந்தமான நாளில் நான்கு நாள் பாட்டிலைவிட பெட்டியே மேல்.

விலைக் கணக்குக்கு வருவோம். பாட்டில் 750 மில்லி, கிளாஸ் வழக்கமாக 150 மில்லி, ஆக ஐந்து கிளாஸ் (சில இடங்களில் 125, சில இடங்களில் 175, மெனுவில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்). முதல் கிளாஸ் விற்றதுமே பாட்டிலின் கொள்முதல் விலை வந்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால் பாட்டில் விலையைக் கிளாஸ் விலையால் வகுத்துப் பாருங்கள். நான்குக்குக் கீழே வந்தால், இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடிப்பதாக இருந்தால், பாட்டில்தான் லாபம், அதோடு உங்கள் கண் முன்னால் திறப்பார்கள். மீந்ததை மூடி எடுத்துப்போகச் சட்டம் அனுமதிக்கிற ஊராக இருந்தால் இன்னும் நல்லது. பெயரை ஃபோனில் தேடிக் கடை விலையை ஒப்பிடலாம், ஆனால் சில லேபிள்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த செயினுக்கென்றே போட்ட லேபிளாக இருந்தால் ஒப்பிட வழியே இல்லை, அதில் பாட்டிலாக வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள்.

எந்தத் திராட்சை? மலிவு விலையில் பினோ நுவாரைத் தவிர்ப்பேன். மெல்லிய தோல், விளைச்சல் குறைவு, வளர்ப்பதும் பாடு, அதனால் மலிவாக நல்லது செய்வது கஷ்டம். லேபிளில் அந்தப் பெயர் இருந்தாலும் அமெரிக்காவில் பொதுவாக 75 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தால் போதும், மிச்சம் வேறு எதுவாகவும் இருக்கலாம். அர்ஜென்டினாவின் மால்பெக், ஸ்பெயினின் கர்னாச்சா, தென்னாப்பிரிக்காவின் ஷெனான் பிளாங்க், இவை எல்லாம் குறைந்த விலையிலும் ஓரளவு மானம் காப்பவை. சிலியின் கார்மெனேர் கண்ணில் பட்டால் முயற்சி செய்யுங்கள். 1994 வரை அங்கே அதை மெர்லோ என்ற வேறொரு திராட்சை என்று நினைத்தே வளர்த்துக்கொண்டிருந்தார்கள்!

நுரைக்கும் ஒயினைக் கிளாஸில் கேட்டால், ஒருவருக்கான 200 மில்லி சின்ன பாட்டில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். திறந்து வைத்த பெரிய பாட்டிலில் வாயு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் புளிப்பு. பழத்துண்டுகள் போட்டுக் கலக்கித் தரும் ஒயினான சாங்க்ரியா பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, பழைய ஒயினை ஒளித்து வைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

சூடு இன்னொரு தொல்லை. சிவப்பை அறையின் வெப்பத்தில் அப்படியே ஊற்றுவார்கள், சாராய நெடிதான் மேலே நிற்கும். 15 முதல் 18 டிகிரி வரைதான் அதற்குச் சரி. பாட்டிலாக வாங்கியிருந்தால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளி கேட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், வெறும் ஐஸைவிடச் சீக்கிரம் குளிரும். வெள்ளை நேர்மாறு, பல்லைக் கூசவைக்கும் குளிரில் வரும், வாசனையே எழாது. கிளாஸின் வயிற்றை இரண்டு உள்ளங்கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருங்கள்.

பாட்டில் திறந்ததும் ஒரு வாய் ஊற்றிக் காட்டுவது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு இல்லை, கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மழையில் ஊறிய அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் கார்க் கெடுத்துவிட்டது, திருப்பிக் கொடுங்கள். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்புவது வேறு விஷயம், அதற்கு அவர்கள் தயவு வேண்டும்.

பார் கவுண்டரில் தூசி படிந்த பாட்டில்கள், எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது, புதுசாகத் திறக்கவும் மறுக்கிறார்கள் என்றால் சரி, பாட்டில் பீர் சொல்லிவிடுங்கள். அதை எப்போது திறந்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.