ஏடிஎம்மில் நோட்டு வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

முதலில் எந்த வகைப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இயந்திரமோ சர்வரோ சொதப்பியதால் மாட்டிக்கொண்ட பணம் வேறு, நீங்களே தவறான எண்ணுக்கு அனுப்பிய பணம் வேறு. முதலாவதற்கு ரிசர்வ் வங்கி கெடு வைத்திருக்கிறது. இரண்டாவது, வாங்கியவர் சம்மதித்தால்தான் சுலபமாக நகரும். ஓடிபி சொல்லி ஏமாந்த பணம் மூன்றாவது வகை. அப்படியானால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஏடிஎம் கதை

நோட்டு வரவில்லை என்றதும் கிளம்பிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். சில இயந்திரங்களில் ஷட்டர் தாமதமாகத் திறக்கும். நீங்கள் போய்விட்டால் அடுத்து வருபவருக்கு யோகம். துண்டுச் சீட்டு வந்தால் அங்கேயே போட்டோ எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணையும் ஒரு படம். டெபிட் மெசேஜை அழிக்க வேண்டாம்.

புகாரை உங்கள் கார்டைக் கொடுத்த வங்கியிடம்தான் தர வேண்டும், ஏடிஎம் எந்த வங்கியுடையதாக இருந்தாலும் சரி. கண்ணாடிக் கதவில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கே போய் நின்றால், "உங்க பிராஞ்ச்ல கேளுங்க" என்றுதான் அனுப்புவார்கள்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, இப்படிக் கழிந்த தொகையை 5 நாட்களுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும். திங்கட்கிழமை கழிந்தால் சனிக்கிழமைக்குள். காலண்டர் நாள்தான் கணக்கு, ஆகவே "நடுவில் லீவு" என்ற பதில் செல்லாது. அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நீங்கள் கேட்காமலே தர வேண்டும் என்பது விதி. நான் என்றால் கேட்டுவிடுவேன். பல சமயம் பணம் தானாகவே வந்துவிடும், ஆனாலும் முதல் நாளே புகாரைப் பதிந்துவிடுங்கள்.

"பரிவர்த்தனை வெற்றி" என்று பதில் வந்தால்

பெரும்பாலானவர்கள் கைவிடும் இடம் இதுதான். எனக்கு ஒரு முறை இப்படி ஆனபோதும் முதலில் வந்த பதில் ஒற்றை வரி: பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது, புகார் முடித்துவைக்கப்பட்டது. அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணினி 'வெற்றி' என்று குறித்திருப்பதால் நோட்டு உங்கள் கைக்கு வந்தது என்று ஆகிவிடாது.

புகாரை மறுபடி திறக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, எலெக்ட்ரானிக் ஜர்னல். இயந்திரம் ஒவ்வொரு முறையும் எத்தனை நோட்டைத் தள்ளியது, எங்கே பிழை வந்தது என்று அதில் வரிவரியாகப் பதிவாகும். இரண்டு, அன்றைய பண இருப்புக் கணக்கு. பெட்டியை எண்ணும்போது, உங்களுக்கு வராத நோட்டு அங்கே கூடுதலாக நிற்க வேண்டும். மூன்று, சிசிடிவி பதிவு. இதற்குத்தான் அவசரம், பழைய பதிவுகள் அழிந்துகொண்டே வரும். நான் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு மின்னஞ்சல் போட்ட பிறகுதான் வங்கி மறுபடி விசாரித்தது, பணமும் வந்தது. "தயவுசெய்து பாருங்கள்" என்று எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் ஒன்றும் அசையவில்லை.

மேனேஜரிடம் நேரில் சொன்னது, போனில் சொன்னது எதுவும் பிற்பாடு உதவாது. புகார் எண் கையில் இருக்க வேண்டும். என் விருப்பம் வங்கியின் இணையதளப் புகார்ப் படிவம், அடுத்தது மின்னஞ்சல். எக்ஸ் தளத்தில் வங்கியை டேக் செய்வது எனக்குப் பிடிக்காது. உண்மையான வங்கிக்கு முன்னால் போலி 'ஹெல்ப்லைன்' வந்து பேசும். கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடுவதும் அதே ஆபத்துதான். கார்டின் பின்புறம் இருக்கும் எண் போதும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஆர்க் டாட் இன் என்ற தளத்தில் பதியலாம், கட்டணம் கிடையாது. வங்கியிடம் எப்போது புகார் செய்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள். புகார் எண்ணைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான். சந்தேகம் இருந்தால் 14448-ல் கேட்கலாம்.

யூபிஐயில் தொங்கினால்

உங்கள் பக்கம் கழிந்து, நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது என்றால் 5 நாள். செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் கொடுங்கள். செயலி தன் வசதிக்கு ஒரு நீள எண் காட்டும், வங்கிக்கு அது பயன்படாது. வங்கிகள் பரிவர்த்தனையை அடையாளம் காணும் 12 இலக்க யூடிஆர் எண்ணைக் கொடுங்கள்.

தவறான கணக்குக்கு அனுப்பியிருந்தால்

அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் பணம் தானாகத் திரும்பிவிடும். கணக்கு இருந்தால்தான் சிக்கல், ஏனென்றால் பணம் போய்ச் சேருவது எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து அல்ல. உங்கள் வங்கிக்கு உடனே எழுதுங்கள். அவர்கள் அந்த வங்கிக்குச் சொல்ல, அந்த வங்கி தன் வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்கும். அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க வங்கியால் முடியாது. அவருடைய விவரத்தையும் உங்களிடம் தர மாட்டார்கள்.

அவர் மறுத்தால் அது அவர் பணமாகிவிடாது. தவறுதலாக வந்ததைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவே சொல்கிறது. தெரிந்தே அமுக்கிக்கொண்டால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவுக்குள் வரலாம். வக்கீல் நோட்டீஸ் ஒன்று போய்ச் சேர்ந்ததுமே மனம் மாறுகிறவர்கள் உண்டு. தொகை சின்னது என்றால் வக்கீல் செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் அனுப்பும்போது கணக்கு எண் போட்டதும் பெயர் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. அதைப் பயன்படுத்துங்கள். புதுக் கணக்கு என்றால் நான் எப்போதும் முதலில் 1 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் மீதியை அனுப்புவேன்.

பின்சேர்க்கை

பின்னூட்டங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 10,000 கழிந்து 8,000 மட்டும் வந்தால்? இதே வழிதான். ஆனால் புகாரில் 'பணம் வரவில்லை' என்று மட்டும் எழுதாமல் வந்தது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஜர்னலோடு உங்கள் கணக்கு ஒத்துப்போகாது.

அடுத்தது, "தெரியாமல் உங்களுக்கு அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பிப் போடுங்கள்" என்று யாராவது போன் செய்தால்? முதலில் ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். வந்ததாக அவர் அனுப்பும் மெசேஜை நம்ப வேண்டாம். உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாக எங்கும் அனுப்பாதீர்கள். "உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள், என் வங்கி கேட்டால் சம்மதம் தருகிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் வங்கிக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.