குரல் எண்ணாகும்போது சறுக்கும் இடங்கள்

தொலைபேசியில் பேசும் குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். ஆக, விநாடிக்கு 64,000 பிட். 1972-ல் வந்த ஜி.711 தரம் இது. இணையத் தொலைபேசியிலும் இன்னும் ஓடுகிறது. அனலாக்கை டிஜிட்டலாக்கி நெட்வொர்க்கில் அனுப்புகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

"இரண்டு மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுத்தால் போதும்" என்று மனப்பாடம் செய்வதில்தான் முதல் கோளாறு. சாம்பிள் என்பது ஒரு தடவை அளப்பது. எதற்கு இரண்டு மடங்கு? நமக்கு வேண்டிய அதிர்வெண்ணுக்கு அல்ல, கம்பியில் வந்து சேரும் மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு. அதற்கும் சற்று மேலேயே வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை விநாடிக்குச் சரியாக 100 முறை, அதுவும் அது பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில் அளந்தால், எல்லா அளவும் பூஜ்யம்தான். 8000 சாம்பிள் எடுக்கும் இடத்தில் 5000 ஹெர்ட்ஸ் ஒலி நுழைந்தால், 3000 ஹெர்ட்ஸாக வேடம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். எண்ணாக மாறிய பிறகு அசல் எது, வேடம் எது என்று பிரிக்க வழியில்லை. அதனால்தான் குரலை 3400 ஹெர்ட்ஸோடு வெட்டிவிட்டு, அப்புறம் அளக்கிறார்கள். "புரோகிராம் கோடில் ஃபில்டர் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். வடிகட்டி, அனலாக்கை எண்ணாக்கும் சுற்றான ஏடிசிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

பிட் போதவில்லை என்று புது போர்டு வாங்க ஓடுவது இன்னொன்று. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு போர்டின் ஏடிசி 10 பிட், அதாவது 1024 படி; அளக்கும் எல்லை 5 வோல்ட். ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 என்ற வெப்பநிலை சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், அரை டிகிரிக்குக் கீழே தெரியாது. ரெஃபரன்ஸை, அதாவது அந்த எல்லை வோல்ட்டை, போர்டின் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றினால் அதே போர்டில் கிட்டத்தட்ட 0.1 டிகிரி வரை படிக்கலாம். காசு மிச்சம்.

சரி, எண் கிடைத்துவிட்டது, அனுப்ப வேண்டும். 64,000 பிட்டுக்கு 64 கிலோபிட் லைன் போதாது. குரலைத் துண்டு துண்டாகப் பாக்கெட்டில் கட்டி அனுப்புகிறோம். ஒரு பாக்கெட்டில் போகும் 20 மில்லிவிநாடிக் குரல் 160 பைட். அதன் தலையில், நெட்வொர்க் விதிமுறைகளான ஆர்டிபி 12, யூடிபி 8, ஐபி 20 என 40 பைட் முகவரி, குறிப்பு விவரங்கள் ஏறுகின்றன. விநாடிக்கு 50 பாக்கெட் என்றால் 80,000 பிட். கம்பி நெட்வொர்க்கான ஈதர்நெட் சேர்க்கும் சுமை தனி.

தொலைந்ததைத் திரும்ப அனுப்பி, எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்க்கும் விதிமுறை டிசிபி. குரலுக்கு அது வேண்டாம். தொலைந்த பாக்கெட் திரும்ப வரும்வரை பின்னால் வந்தவையும் காத்திருக்கும். தாமதமாக வந்த சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெப்பநிலை அனுப்ப டிசிபி நல்லதுதான். ஆனால் நீங்கள் இரண்டு இரண்டு பைட்டாக அனுப்பியது அப்படியே வந்து இறங்கும் என்று நம்பாதீர்கள். நான்காக ஒட்டியும் வரலாம், ஒன்றும் மூன்றுமாகப் பிரிந்தும் வரலாம். எண்ணிப் படியுங்கள்.

இரண்டு பைட் எண்ணில் எந்த பைட் முதலில் வரும் என்ற பைட் வரிசையையும் இரு பக்கமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 1023-ஐத் தாண்டவே முடியாத ஏடிசியிலிருந்து 59,395 என்று வந்தால் சென்சாரைக் கழற்ற வேண்டாம். அது இரண்டு பைட்டும் இடம் மாறி வந்த 1000.