சுகர் புண் ஆற மனசை லேசாக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சுகர்காரர் ஒருவருக்குக் காலில் புண் வந்தால் பார்க்க வருகிற எல்லோரும் சொல்வது, "டென்ஷன் ஆகாதீங்க, மனசை லேசா வெச்சுக்கோங்க." அது தப்பான யோசனை இல்லை. பதற்றத்தில் கார்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் ஏறும், பின்னாலேயே சுகர் ஏறும், கை கால் நுனியில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகும். மறதி நோய் வந்த உறவினரைக் கவனித்துவந்த பெண்களின் கையில் சின்னதாக ஒரு காயம் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1995இல் வந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்குக் காயம் ஆறச் சுமார் 9 நாள் கூடுதலாக ஆனது.

ஆனால் அந்த நிம்மதியை நாம் தேடிப் போகிற வழிதான் பல நேரம் புண்ணைக் கெடுக்கிறது.

நம்ம வேலூர்ப் பக்கம் மனசு சரியில்லை என்றால் நடப்போம். சாயங்காலம் கோட்டைப் பக்கம் ஒரு வாக்கிங், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம், அதுவும் வெறுங்காலில். மனசுக்கு நல்லதுதான், யார் இல்லை என்றது? உள்ளங்காலில் திறந்த புண் இருக்கும்போது மட்டும் அது ஆகவே ஆகாது, ஏனென்றால் ஒவ்வொரு அடியும் புதிதாக வளர்கிற சதையை நசுக்கிவிடுகிறது, கால் மரத்துப்போனவருக்கு அது தெரிவதும் இல்லை. இதை உலகத்துக்குப் புரியவைத்ததில் வேலூருக்கே பெரிய பங்கு உண்டு. 1946இல் இங்கே சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதத்தில் சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் அதே இடத்தையே மிதித்து மிதித்துத்தான் புண் ஆறாமல் போகிறது என்று கண்டார். மாவுக்கட்டு போட்டு அந்த அழுத்தத்தை எடுத்ததும் புண்கள் ஆறின. பிறகு அதே பாடம் சுகர் கால்களுக்கும் போனது. தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற கரிகிரி பக்கம் எல்லோருக்கும் தெரிந்த எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பும் அந்த வழியில் வந்ததுதான். "அதான் எம்.சி.ஆர். போட்டிருக்கேனே" என்று புண்ணோடு நடப்பவர்களும் இருக்கிறார்கள். புண் வராமல் காப்பதுதான் அந்தச் செருப்பின் வேலை. திறந்த புண்ணுக்கு என்ன காலணி, எவ்வளவு நடக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது வெந்நீர். உடம்பு அசதிக்குக் காலை உப்புப் போட்ட சுடுதண்ணியில் வைத்தால் இதமாக இருக்கும் என்று செய்வார்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. எழுந்திருக்கும்போது கொப்புளம் வந்திருக்கும். ஹாட் பேக், எண்ணெய் தடவி நீவிவிடுவது எல்லாமே இதில் சேர்த்திதான்.

சரி, தியானம்? செய்யலாம், சம்மணம் போட்டு மட்டும் வேண்டாம். தரையில் உட்காரும்போது கணுக்காலின் வெளி எலும்பு அரை மணி நேரம் அழுந்திக்கொண்டே இருக்கும். நாற்காலி போதும். படுத்துச் செய்தால் கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் ரத்த ஓட்டம் குறைவு என்று சொல்லியிருந்தால், காலைத் தூக்கி வைக்கலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். உடம்பை ஒவ்வொரு பகுதியாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் நல்லது. முகம், தோள், கை என்று செய்துவிட்டுப் புண் உள்ள காலை விட்டுவிடுங்கள். மூச்சை அடக்கிப் பிடிப்பது, மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, தலைகீழ் ஆசனம் இவை சுகரால் விழித்திரை பாதித்தவர்களுக்கு ஆபத்து, கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிற சாதாரண மூச்சு போதும், கட்டு மாற்றும்போதுகூடச் செய்யலாம்.

திடீரென்று வியர்த்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் டென்ஷன் என்று நினைத்துக் கண்ணை மூடி உட்காராதீர்கள். சுகர் இறங்கியிருக்கலாம். விரலில் குத்திச் சுகர் பாருங்கள், 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

டென்ஷனுக்கு ஒரு பீடி என்பவர்களுக்கு ஒரே வரிதான்: நிகோடின் அந்தக் கால் நுனி ரத்தக் குழாயைத்தான் இன்னும் சுருக்குகிறது.

2001இல் வந்த ஓர் ஆய்வில், கை கால் நுனி வெதுவெதுப்பாகும்வரை உடம்பைத் தளர்த்தும் பயிற்சியை ஆறாத கால் புண்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி செய்த 16 பேரில் 14 பேருக்குப் புண் ஆறியது, செய்யாத 16 பேரில் 7 பேருக்கு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது. இதைக் கேட்டுவிட்டு மாத்திரையையும் கட்டு மாற்றுவதையும் நிறுத்துகிற ஆட்கள் உண்டு. அந்த ஆய்வில் யாரும் சிகிச்சையை நிறுத்தவில்லை. சேர்த்துச் செய்ததற்குத்தான் அந்தப் பலன்.

அப்புறம் வீட்டில் இருப்பவர்களுக்கு. "சொன்னா கேட்டியா, அன்னைக்கே செருப்பு போட்டிருந்தா…" என்று சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தால், அவர் காலையில் செய்த மூச்சுப் பயிற்சி அங்கேயே வீணாகிறது. அதற்குப் பதில் தினம் விளக்கு வெளிச்சத்தில் அவர் பாதத்தைப் பாருங்கள். சிவப்பு பரவுவது, வீக்கம், நாற்றம், கறுப்பு, காய்ச்சல் இதில் ஒன்று தெரிந்தாலும் வலி இல்லையே என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், ஆட்டோவில்.