31ஆம் தேதியைக் காணோம்: ஜாவா வெப் அப்ளிகேஷனில் ஒப்பீட்டு ஃபில்டர் எழுதுவது எப்படி

"உங்கள் ரிப்போர்ட்டில் 31ஆம் தேதி எங்கே போச்சு?" என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். குவரியை ஓட்டிப் பார்த்தேன். ரெக்கார்டுகள் வந்தன, எண்ணிக்கையும் சந்தேகப்படும்படி இல்லை. அவர் விடவில்லை. "31இல் ஒரே ஒரு ரசீதுதான் காட்டுகிறது. அதுவும் ராத்திரி 12 மணிக்கு சிஸ்டம் தானாகப் போட்டது" என்றார். தப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒற்றை ரசீதுதான் காட்டிக்கொடுத்தது.

நான் எழுதியிருந்தது இப்படி. (குவரிகளை வாயால் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

செலக்ட் * ஃப்ரம் ரசீது
வேர் உருவான_நேரம் பிட்வீன் '2019-03-01' அண்ட் '2019-03-31'

பிட்வீன் இரண்டு முனைகளையும் சேர்த்தே எடுக்கும். அதனால் 31ஆம் தேதியும் வந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஃபீல்டு டைம்ஸ்டாம்ப், அதாவது தேதியோடு நேரமும் சேர்ந்தது. நேரம் சொல்லாமல் '2019-03-31' என்று கொடுத்தால் டேட்டாபேஸ் அதை 31ஆம் தேதி 00:00:00 என்று எடுத்துக்கொள்ளும். அந்த நொடியில் உருவான ரசீது உள்ளே வரும், காலை ஒன்பது மணி ரசீது வெளியே நிற்கும். குவரி எரர் எதுவும் காட்டாது. ஒப்பீட்டுக் குவரியில் இதுதான் தொல்லை: உடைந்தால் சத்தமே வராது, கொஞ்சம் குறைவான பதிலைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

சரி, அதே ரசீது டேபிளையே எடுத்துக்கொள்வோம். எண், தொகை, உருவான நேரம், செலுத்திய தேதி, நிலை என்று ஐந்து ஃபீல்டுகள். திரையில் நான்கு பெட்டிகள்: குறைந்தபட்சத் தொகை, அதிகபட்சத் தொகை, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. எதை வேண்டுமானாலும் காலியாக விடலாம்.

குவரிக்குப் போகும் முன் ஃபீல்டின் வகையைப் பாருங்கள். பழைய டேபிள்களில் தொகையை வார்சாராக, அதாவது எழுத்தாக, வைத்திருப்பதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். அங்கே '9' என்பது '10'ஐ விடப் பெரியது, ஏனென்றால் முதல் எழுத்தை முதல் எழுத்தோடுதான் ஒப்பிடும். தொகை என்றால் டேட்டாபேஸில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல். டபுள் வேண்டாம், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் அதில் 0.30000000000000004 வரும். எல்லையில் நிற்கும் ஒரு ரசீது உள்ளேயா வெளியேயா என்று அந்தக் கடைசி 4 தீர்மானிக்கக் கூடாது.

அடுத்தது உள்ளே வரும் மதிப்புகள். சர்வ்லெட்டின் (பிரவுசர் கோரிக்கையை வாங்கும் ஜாவா கிளாஸ்) கெட்பாராமீட்டர் எப்போதும் ஸ்ட்ரிங்தான் தரும், அல்லது நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) தரும். பெட்டியைப் பயனர் காலியாக விட்டுவிட்டு பட்டனை அழுத்தினால் வருவது நல் இல்லை, வெற்று ஸ்ட்ரிங். இரண்டையும் ஒன்றாகக் கருதி நல் ஆக்கிவிடுங்கள். "ஏபிசி" என்று யாராவது அடித்தால் 400 (கோரிக்கை தவறு என்று சொல்லும் ஹெச்டிடிபி எண்) அனுப்புங்கள். அதை அமைதியாக விழுங்கிவிட்டு எல்லா ரெக்கார்டுகளையும் காட்டுவது மோசம், ஏனென்றால் ஃபில்டர் வேலை செய்துவிட்டதாகப் பயனர் நம்பிவிடுவார். குறைந்தபட்சம் 500, அதிகபட்சம் 100 என்று மாற்றிப் போட்டால்? பிட்வீன் 500 அண்ட் 100 பூஜ்ய ரெக்கார்டு தரும், காரணம் சொல்லாது. சிலர் இரண்டையும் தாங்களாகவே இடம் மாற்றி ஓட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயனரிடமே சொல்லிவிடுவேன்.

இந்த நான்கு மதிப்புகளையும் ஒரு சின்ன கிளாஸில் வைத்துக்கொள்வேன், பெயர் ரசீதுஃபில்டர். சரிபார்ப்பு முழுவதும் அதற்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். குவரி எழுதும் இடத்துக்கு ஸ்ட்ரிங் எதுவும் போகக் கூடாது. பிக்டெசிமலும் நேரமும் மட்டுமே போகும்.

இப்போது தேதி, இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். பயனர் "1 முதல் 31 வரை" என்று கேட்டால் அவர் மனதில் 31ஆம் தேதி முழுவதும் அடக்கம். அதைக் குவரியில் இப்படி எழுதுங்கள்:

வேர் உருவான_நேரம் >= ? அண்ட் உருவான_நேரம் < ?

முதல் கேள்விக்குறிக்கு மார்ச் 1, 00:00. இரண்டாவதற்கு ஏப்ரல் 1, 00:00. கீழ் எல்லை உள்ளே, மேல் எல்லை வெளியே. ஜாவாவில் லோக்கல்டேட்டை எடுத்து பிளஸ்டேஸ்(1), அப்புறம் அட்ஸ்டார்ட்ஆஃப்டே. அவ்வளவுதான். 24 மணி நேரத்தைக் கூட்டாதீர்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரமும் இன்னொரு நாளுக்கு 25 மணி நேரமும் உண்டு. டேட்டாபேஸில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் அட்ஸ்டார்ட்ஆஃப்டேவுக்குப் பயனரின் டைம்ஸோனைக் கொடுத்து, அதன் பிறகு இன்ஸ்டன்டாக மாற்றுங்கள்.

"மேல் எல்லையை 23:59:59 என்று போட்டால் போதாதா?" என்று ரிவ்யூவில் யாராவது கேட்காத வருடம் இல்லை. போதாது. 23:59:59.4இல் உருவான ரெக்கார்டு விட்டுப்போகும். சரி, .999 போடலாம் என்றால், எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை ஒரு நொடியை 300 பங்காகத்தான் பிரிக்கும்; .999 அடுத்த நாள் 00:00:00 ஆக உருண்டுவிடும். ஜாவாவின் லோக்கல்டைம் மேக்ஸில் புள்ளிக்குப் பின் ஒன்பது இலக்கம் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் ஆறு இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். அங்கேயும் அதே உருளல்தான். கடைசி நொடியைத் துரத்துவதை விட்டுவிட்டு, அடுத்த நாளின் முதல் நொடியைச் சேர்க்காமல் நிறுத்திவிடுவது சுலபம்.

வெறும் ஜேடிபிசியில் (டேட்டாபேஸோடு பேச ஜாவா தரும் அடிப்படை வழி) எழுதுகிறீர்கள் என்றால்: "வேர் 1 = 1" என்று தொடங்குங்கள். ஒவ்வொரு மதிப்பையும் பார்த்து, அது நல் ஆக இல்லாவிட்டால் மட்டும் " அண்ட் தொகை >= ?" என்ற துண்டை ஸ்ட்ரிங்பில்டரில் சேர்த்து, மதிப்பை ஒரு லிஸ்டில் போடுங்கள். கடைசியில் ப்ரிபேர்டு ஸ்டேட்மென்டில் லிஸ்டைச் சுற்றி வந்து செட்ஆப்ஜெக்ட். கேள்விக்குறிகளின் எண் 1இலிருந்து தொடங்கும், லிஸ்ட் 0இலிருந்து; இந்த ஒன்றின் வித்தியாசத்தில் நான் இழந்த மாலைகள் கணக்கில் இல்லை. ஜாவா 8உடன் வந்த ஜேடிபிசி 4.2 முதல் லோக்கல்டேட்டைமை நேரடியாகவே செட்ஆப்ஜெக்டில் கொடுக்கலாம். பழைய டைம்ஸ்டாம்ப் கிளாஸுக்கு மாற்றும் வேலை வேண்டாம்.

மதிப்பை ஒருபோதும் பிளஸ் குறி போட்டுக் குவரியில் ஒட்டாதீர்கள், எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (பயனர் அடிக்கும் எழுத்தே குவரியாக ஓடிவிடும் தாக்குதல்) அந்த வழியாகத்தான் வரும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் தடுக்கி விழுவது வேறொரு இடத்தில்: "பெரியது / சிறியது / சமம்" என்று ஆபரேட்டரையே பயனர் தேர்ந்தெடுக்கும் திரை. ஆபரேட்டரையோ ஃபீல்டின் பெயரையோ கேள்விக்குறி வழியாக அனுப்ப முடியாது, அதற்கு மதிப்பு மட்டும்தான் போகும். அதனால் பிரவுசரிலிருந்து வரும் ">=" என்ற ஸ்ட்ரிங்கை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். வேண்டாம். ஜாவாவின் எனம் (அனுமதித்த பெயர்களை மட்டும் கொண்ட வகை) ஒன்று வையுங்கள். வருவது அதில் உள்ள பெயர்களில் ஒன்றாக இருந்தால், அந்தப் பெயருக்கு உங்கள் கோடிலேயே எழுதிவைத்த குறியைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 400.

மைபாட்டிஸ் (குவரிகளை எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதவிடும் லைப்ரரி) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்எம்எல் கோப்பில் < என்று நேராக எழுதினால் பார்சர் அதை டேகின் தொடக்கம் என்று நினைத்துத் திட்டும். > போட்டால் திட்டாது. சீடேட்டாவுக்குள் (உள்ளே இருப்பதை டேகாகப் படிக்காதே என்று பார்சருக்குச் சொல்லும் பகுதி) வையுங்கள். சிலர் ஒப்பீட்டையே தலைகீழாகத் திருப்பி "? > தொகை" என்று எழுதித் தப்பிப்பார்கள், வேலை செய்யும், ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது தலை சுற்றும்.

ஸ்பிரிங் டேட்டா ஜேபிஏ என்றால் மெத்தட் பெயரே குவரி ஆகிவிடும்: ஃபைண்ட்பை, ஃபீல்டின் பெயர், அதோடு கிரேட்டர்தேன்ஈக்வல் அல்லது லெஸ்தேன். ஆஃப்டர் என்றால் >, பிஃபோர் என்றால் <. எல்லை உள்ளே வராது. பிட்வீன் என்றால் இரண்டு முனையும் உள்ளே. தேதிக்கு நான் பிட்வீனைத் தொடுவதே இல்லை. ஃபில்டர் ஒன்று அல்லது இரண்டு, அதுவும் கட்டாயம் என்றால் இந்த வழி நன்றாக இருக்கும். நான்கு விருப்பப் பெட்டிகள் என்றால் 16 சேர்க்கைகள் வரும், பதினாறு மெத்தட் எழுத முடியாது.

அதற்கு நிறையப் பேர் செய்யும் குறுக்குவழி, குவரியிலேயே "(:குறைந்தது இஸ் நல் ஆர் தொகை >= :குறைந்தது)" என்று எழுதுவது. சின்ன டேபிளில் ஓடும். போஸ்ட்கிரெஸில் நல் போகும்போது அந்த அளவுருவின் வகை தெரியவில்லை என்று எரர் வருவதுண்டு. பெரிய டேபிளில் இண்டெக்ஸைத் தேர்ந்தெடுக்கவும் பிளானர் (குவரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் டேட்டாபேஸ் பகுதி) திணறும். என் தேர்வு ஸ்பிரிங் டேட்டாவின் ஸ்பெசிஃபிகேஷன், நிபந்தனைகளைத் துண்டுதுண்டாக எழுதிக் கோர்க்கும் வழி. அதன் அடியில் இருப்பது 2009இல் ஜேபிஏ 2.0உடன் வந்த கிரைட்டீரியா ஏபிஐ. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்ன மெத்தட்: மதிப்பு நல் என்றால் கன்ஜங்ஷன், அதாவது எப்போதும் உண்மை, இல்லாவிட்டால் கிரைட்டீரியாபில்டரின் கிரேட்டர்தேன்ஆர்ஈக்வல்டு அல்லது லெஸ்தேன். நான்கையும் அண்ட் போட்டுக் கோர்த்தால் முடிந்தது. அந்தச் சின்ன மெத்தடுகளுக்கு "தேதிக்குமுன்" போன்ற பெயர்கள் வைக்கும்போது ஆபரேட்டர் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது; ரிவ்யூ செய்பவர் < போட்டிருக்கிறதா <= போட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு சத்தமில்லாத இடம் நல். செலுத்திய தேதி இன்னும் நிரப்பப்படாத ரசீதுகளில் அது நல்தான். "செலுத்திய_தேதி < ?" அவற்றைக் காட்டாது. ">= ?" என்று திருப்பினாலும் காட்டாது. இரண்டையும் கூட்டினால் மொத்தம் வராது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் பதில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, தெரியாது என்பதுதான். வேர் உண்மையை மட்டுமே உள்ளே விடும். "நிலை <> 'ரத்து'" என்று எழுதுபவர் ரத்தாகாத எல்லாம் வரும் என்று நினைப்பார், நிலையே இல்லாத ரசீதுகள் காணாமல் போகும். "ஆர் நிலை இஸ் நல்" சேர்க்க வேண்டும், அடைப்புக்குறிக்குள். இல்லாவிட்டால் அண்ட் முதலில் சேர்ந்துகொண்டு வேறு அர்த்தம் கொடுக்கும்.

வேகத்துக்கு ஒரே ஒரு விஷயம். ஃபீல்டைத் தொடாதீர்கள், மதிப்பைத் தொடுங்கள். "டேட்(உருவான_நேரம்) = ?" என்று ஃபீல்டை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டால் அதன் மேல் இருக்கும் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. "தொகை * 2 > 1000" வேண்டாம், "தொகை > 500" போதும். நிலையையும் நேரத்தையும் சேர்த்து ஃபில்டர் செய்கிறீர்கள் என்றால் கூட்டு இண்டெக்ஸில் சமம் பார்க்கும் ஃபீல்டு முன்னால், வரம்பு பார்க்கும் ஃபீல்டு பின்னால். மற்றதை எக்ஸ்பிளைன் (குவரி ஓடும் வழியைக் காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். எல்லா ரெக்கார்டுகளையும் ஃபைண்ட்ஆல் போட்டு எடுத்து வந்து ஸ்ட்ரீமில் ஃபில்டர் செய்வது பற்றி எனக்குப் பேசவே பிடிக்காது. ஆனாலும் எங்காவது ஜாவாவில் ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பிக்டெசிமலுக்கு கம்பேர்டு பயன்படுத்துங்கள், ஈக்வல்ஸுக்கு 2.0வும் 2.00வும் வேறு வேறு. இன்டிஜரை == போட்டு ஒப்பிட்டால் −128 முதல் 127 வரை வழக்கமாகச் சரியாக வரும், 128இல் கவிழும். டெஸ்டில் சின்ன எண்களை வைத்துச் சோதித்தவர்களுக்கு அது புரொடக்ஷனில்தான் தெரியவரும்.

டெஸ்டுக்கு வருவோம். ஒவ்வொரு எல்லைக்கும் மூன்று ரெக்கார்டுகள்: எல்லைக்குச் சற்று முன், எல்லையின் மேலேயே, சற்றுப் பின். தொகை 500 என்றால் 499.99, 500.00, 500.01. மார்ச் மாதத்துக்கு நான் போடும் ரெக்கார்டுகள்: பிப்ரவரி கடைசி நாள் 23:59:59.999999, மார்ச் 1 00:00:00, மார்ச் 31 காலை 9:00, மார்ச் 31 23:59:59.999999, ஏப்ரல் 1 00:00:00. நடுவில் உள்ள மூன்று மட்டுமே வர வேண்டும். நல் வரக்கூடிய ஃபீல்டுக்கு நல்லோடு ஒரு ரெக்கார்டு கூடுதலாக. இவற்றை எச்2வில் (டெஸ்டுக்குப் பலர் பயன்படுத்தும் சின்ன ஜாவா டேட்டாபேஸ்) ஓட்டிவிட்டு நிம்மதியாகாதீர்கள். மேலே சொன்ன உருளல்களும் வகை எரர்களும் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறுபவை. புரொடக்ஷனில் எது இருக்கிறதோ அதையே டெஸ்ட்கன்டெய்னர்ஸில் (டெஸ்டுக்காக உண்மையான டேட்டாபேஸைத் தற்காலிகமாக ஓட்டும் லைப்ரரி) தூக்கி நிறுத்தி, அதே வெர்ஷனில் ஓட்டுங்கள். எங்கள் டெஸ்டில் அந்தக் காலை 9:00 ரெக்கார்டுக்கு இன்றும் பெயர் "கணக்குப்பிரிவு".